வீட்டு மின்சாரம் – 9: ஒற்றை பல்பு வயரில் மிக்சி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிசை மின் இணைப்பு ஒரே ஒரு விளக்குக்காகத் தரப்பட்டது. அந்த விளக்கும் 40 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அரசே விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும், குடிசைகளில் அவற்றை ஓட்டக் கட்டண விதியிலும் இடம் தரப்பட்டது. உத்திரமேரூர் வட்டாரத்துக் கூரை வீடுகளுக்கும் சாமான்கள் இப்படித்தான் வந்தன. ஓலைக்கடியில் ஓடும் வயரோ பல வீடுகளில் அந்த ஒற்றை பல்புக்கு இழுத்ததுதான்.

230 வோல்ட்டில் 40 வாட் பல்பு 0.17 ஆம்பியர் இழுக்கும். 550 வாட் மிக்சி 2.4 ஆம்பியர், ஏறக்குறைய 14 மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே வயரில் அது சுமார் 190 மடங்காகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நல்ல நிலையில் இருந்தால் இதைத் தாங்கிவிடும். தாங்காதது இணைப்புதான். பல்பு ஹோல்டரிலிருந்து எடுத்த இரண்டு பின் பாயின்ட், முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, பிளக் இல்லாமல் வயர் முனையைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கிய ஏற்பாடு: இங்கெல்லாம் உலோகம் உலோகத்தைத் தொடுவது நுனியளவுதான். மின்தடை முழுவதும் அந்த நுனியில் சேர்கிறது. சூட்டில் செம்பு கறுக்கிறது, கறுத்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடும் கூடுகிறது.

இதில் மோசமான சங்கதி, பீஸ் போகாது என்பது. லூஸான இணைப்பு கூடுதல் மின்சாரம் எதையும் இழுப்பதில்லை. அதனால் பீஸ் கட்டைக்கும் எம்சிபிக்கும் எல்லாம் சரியாக இருப்பதாகவே படும். ஆர்சிடி கசிவு மின்சாரத்துக்கு உரியது. உயிரைக் காக்க அது அவசியம், ஆனால் இந்தச் சூடு அதன் கண்ணிலும் படாது. மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். வெள்ளை பிளக் பாயின்ட் சூடேறினால் மீன் கவிச்சி போன்ற வாடை வரும். துளையைச் சுற்றிப் பழுப்பேறும். ஓடிய மிக்சியின் பிளக்கைப் பிடுங்கும்போது பின் கையைச் சுட்டால், அந்தப் பாயின்ட்டை மாற்றியாக வேண்டும்.

சூடேற்றும் சாதனங்களின் கணக்கு வேறு. சிறிய பிளக் பாயின்ட்டின் எல்லை 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட். 1,500 வாட் ஹீட்டர் ராடும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அதைத் தாண்டுகின்றன. இவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும், மீட்டர் பலகையிலிருந்து தனியாக வரும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய துளையில் நுழைக்கக் கடையில் கன்வெர்டர் கிடைக்கிறது. அது மாற்றுவது பின்னின் அளவை மட்டுமே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு துளை இருந்தாலும் சுவருக்குப் போகும் வயர் ஒன்றுதான். அதைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை.

பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் லைன் கடைசியிலுள்ள வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். அப்போது கிரைண்டர், பிரிட்ஜ் மோட்டார்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுத்துக் கொதிக்கும். கிரைண்டரை நிறுத்திவைப்பதே சரி. பீஸ் அடிக்கடி போகிறதென்று வயரிலிருந்து உரித்த செம்பு இழையைக் கட்டிவிட்டால், பீஸுக்கு முன் வயர்தான் உருகும்.

கூரை வீட்டில் எலி கடித்த வயர் ஓலைக்குள் மறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வயரை ஓலையில் படாமல், பிவிசி குழாய்க்குள் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும். ஒட்டு தவிர்க்க முடியாததென்றால் அது மூடிய பெட்டிக்குள் கனெக்டரில் இருக்க வேண்டும்.

தீப்பொறி தெரிந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதன் பிறகே தண்ணீர். மெயினை நெருங்க முடியாவிட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112. கோளாறு மீட்டருக்கு வெளியே, சர்வீஸ் வயரில் என்றால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் என்றால் உரிமம் பெற்ற வயர்மேன் பார்த்துச் சரிசெய்யும் வரை மெயினைப் போடக் கூடாது.