எம்.எஸ்.சி. என்னும் மூன்றெழுத்து: விழிஞ்ஞமும் கடலோடிகளின் சுருக்கப் பெயர்களும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள விழிஞ்ஞத்தில் நெடுங்காலமாக இயங்கும் மீன்பிடித் துறைமுகமும், 2025 மே 2 அன்று முறைப்படி திறந்துவைக்கப்பட்ட சரக்குப்பெட்டகத் துறைமுகமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒரே எழுத்துச் சுருக்கம் வெவ்வேறு பொருள்களில் வழங்கும் இடமாக அந்தக் கடற்கரை மாறியிருக்கிறது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘எம்.எஸ்.சி.’ என்பதாகும். துறைமுகத்தில் அது மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனியைக் குறிக்கும். 1970இல் ஜான்லூயிஜி அப்போன்டே தொடங்கிய, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் கப்பல்கள் பலவற்றின் பெயர்களும் அந்த மூன்றெழுத்துகளிலேயே தொடங்குகின்றன. கப்பல் சட்டம் அறிந்தோருக்கு அது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கடல் பாதுகாப்புக் குழு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையத்தில் பணிபுரிவோர் போன்ற மீன்வள அறிஞர்களுக்கோ, வளம் குன்றாத மீன்பிடிப்புக்குச் சான்றளிக்கும் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலே முதலில் நினைவுக்கு வரும். கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது அந்த மூன்றாவது எம்.எஸ்.சி.யின் சான்றுதான்.

ஒரே தொழிலைச் சேர்ந்தோர் தமக்குள் பேசும்போது சுருக்கப் பெயரால் குழப்பம் விளைவதில்லை. ஏனெனில் விரிவுப் பெயரை அவர்கள் அனைவரும் முன்பே அறிந்திருக்கிறார்கள். இரு தொழில்கள் சந்திக்கும் எல்லையில்தான் இடர் தோன்றுகிறது. ‘எம்.எஸ்.சி. விதிகளின்படி’ என்று செய்தியொன்று கூறினால், அவை கப்பல் நிறுவனத்தின் விதிகளா, உலக நாடுகள் கூடி வகுத்த பாதுகாப்பு விதிகளா என்பதை வெளியாரால் அறிய இயலாது. முன்னதை ஒரு நிறுவனம் தானே மாற்றிக்கொள்ளலாம், பின்னதை மாற்ற முடியாது என்பதால் இது சிறிய வேறுபாடன்று.

சரக்குப் பட்டியல்களில் வரும் ‘எம்.டி.’ என்பது இதைவிடச் சிக்கலானது. எடையைக் குறிக்கும் பத்தியில் அது மெட்ரிக் டன், அதாவது 1000 கிலோகிராம். கப்பலின் பெயருக்கு முன்னால் வந்தால் மோட்டார் டேங்கர், அதாவது எஞ்சினால் இயங்கும் எண்ணெய்க் கப்பல். பெட்டகத்தின் நிலையைக் குறிக்கும் பத்தியிலோ, வெறுமையைக் குறிக்கும் ‘எம்ப்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால், காலிப் பெட்டகம் என்று பொருள்படும். எந்தப் பத்தியில் நிற்கிறது என்பதே இதன் பொருளை முடிவுசெய்கிறது. ஆகவே பட்டியலிலிருந்து ஒரு வரியை மட்டும் பெயர்த்து வேறொருவருக்கு அனுப்பும்போது, பத்தியோடு பொருளும் விடுபட்டுப் போகிறது.

இத்தகைய மயக்கத்தின் விலையைக் கடலோடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்ததால், அதைத் தவிர்க்கும் முறைகளையும் அவர்கள் கைக்கொண்டனர். வானொலியில் எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று முழுச்சொற்களாக ஒலிப்பதும், கப்பல்களுக்கிடையே பேசத்தக்க தரப்படுத்திய தொடர்களைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றதும் இந்த வகையினவே. ஆயினும் எல்லாவற்றிலும் நுட்பமானது, ஒவ்வொரு சரக்குப்பெட்டகத்தின் மீதும் எழுதப்பட்டிருக்கும் பதினோரிடக் குறியீடாகும்.

ஐ.எஸ்.ஓ. 6346 என்னும் தரநிலையின்படி, அதன் முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரையும், நான்காவது எழுத்து பொருளின் வகையையும் குறிக்கும். சரக்குப்பெட்டகமாயின் அந்த நான்காவது எழுத்து ‘யு’. உரிமையாளர் எழுத்துகள் இருவருக்கு ஒன்றாக அமைந்துவிடாதபடி, 1933இல் தோன்றிய, பாரிஸிலுள்ள பன்னாட்டுப் பெட்டகப் பணியகம் அவற்றைப் பதிவுசெய்து காக்கிறது. அடுத்து ஆறு வரிசை இலக்கங்களும், இறுதியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் வரும்.

சரிபார்ப்பு இலக்கம் என்பது, முன்னுள்ள பத்து இடங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டு, அவை பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதிக்க உதவும் எண்ணாகும். ஆங்கில எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்புகள் தரப்படுகின்றன. இறுதியில் 11ஆல் வகுக்க இருப்பதால், மீதியில்லாமல் மறைந்துவிடக்கூடிய 11, 22, 33 ஆகியவை மட்டும் விடப்படுகின்றன. பின்னர் ஒவ்வோர் இடத்து மதிப்பையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து மீதியைக் காண வேண்டும். பாடநூல்களில் வழக்கமாகக் காட்டப்படும் ‘சி.எஸ்.கியூ.யு. 305438’ என்ற குறியீட்டுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. ஆகவே இறுதி இலக்கம் 3. எழுதுபவர் 5ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 304538 என்று எழுதிவிட்டால் மீதி 1 ஆகிவிடுவதால், பிழை அங்கேயே பிடிபடும். மீதி 10 வந்தால் அதையும் 0 என்றே எழுத வேண்டியிருப்பது இந்த அழகிய முறையின் ஒரு பலவீனம்; அதனால் அவ்வாறு அமையும் வரிசை எண்களைத் தவிர்க்குமாறு தரநிலை பரிந்துரைக்கிறது.

கப்பல்களுக்கும் இவ்வாறே ஏழிலக்க எண் உண்டு. பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் அது மாறுவதில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்று, 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பலின் எண் 9123221. முதல் ஆறு இலக்கங்களை 7 தொடங்கி 2 வரையுள்ள எண்களால் முறையே பெருக்கிக் கூட்டினால் 101 வரும். அதன் கடைசி இலக்கமான 1, கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கத்தோடு பொருந்துகிறது.

அந்தக் கப்பலிலிருந்த 640 பெட்டகங்களில் 12இல் கால்சியம் கார்பைடு இருந்தது. நீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும் பொருள் அது. கப்பல் துறையின் ஆவணங்களில் அது ‘யு.என். 1402, வகுப்பு 4.3’ என்று குறிக்கப்படும். முன்னது ஐக்கிய நாடுகள் அவை வகுத்த பொருள் எண், பின்னது நீர் பட்டால் ஆபத்து விளைவிக்கும் பொருள்களின் வகுப்பு. உலகின் எந்தத் துறைமுகத்திலும் ஐயமின்றிப் படிக்கத்தக்க இந்தக் குறியீடு, வலையோடும் படகோடும் அந்தப் பெட்டகத்தை முதலில் எதிர்கொள்ளக்கூடிய மீனவருக்கு எதையும் சொல்வதில்லை. விழிஞ்ஞம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடற்கரை மக்களுக்கு மலையாளத்திலும் தமிழிலும் விரிவுப் பெயரோடு எச்சரிக்கை சென்று சேர்வதும், சரிபார்ப்பு இலக்கத்தைப் போலவே, பாதுகாப்பு முறையின் கட்டாய உறுப்பாக வைக்கப்பட வேண்டும்.