கோச் மாறினால் டீம் மாறுமா? கடைசி இடங்களிலிருந்து ஃபைனல் வரை... சென்னையின் எஃப்சி-யின் 2019-20 சீசன் சொல்லும் பாடம்!

2020, ஜனவரி 6. புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் ஒடிசா எஃப்சி-யிடம் 0-2 எனத் தோற்றது சென்னையின் எஃப்சி. பத்து ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகள். ஐஎஸ்எல் சீசனில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. 'இந்த வருஷமும் அவ்ளோதான்பா' என்று ரசிகர்கள் கைகழுவிய நேரம் அது.

அடுத்த எட்டு லீக் ஆட்டங்களில் அந்த டீம் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மார்ச் மாதம் ஃபைனலில் நின்றது.

இன்றைக்கும் சென்னை கால்பந்து ரசிகர்கள் கூடினால் இந்த சீசன் பேச்சு வந்துவிடும். 'எல்லாம் ஓவன் கோய்ல் செஞ்ச மேஜிக்' என்பார் ஒருவர். 'வால்ஸ்கிஸ் இல்லன்னா கோய்ல் என்ன பண்ணியிருப்பார்?' என்பார் இன்னொருவர். 'அப்போ வந்த எதிரணிங்க எல்லாம் டம்மி' என்று மூன்றாவது குரல் வரும். இதில் யார் சொல்வது சரி? எண்களை வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் நிலைமை என்ன?

ஜான் கிரெகரி பயிற்சியில் 2017-18 சீசனில் கோப்பை வென்ற அணி சென்னை. அடுத்த சீசனிலேயே 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்கு இறங்கியது. ஆனாலும் நிர்வாகம் கிரெகரியை மாற்றவில்லை.

2019-20 தொடக்கம் இன்னும் மோசம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, ஏடிகே-யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. ஐந்தாவது ஆட்டத்தில்தான் முதல் வெற்றி. ஹைதராபாத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தின் மூன்று கோல்களும் 90 நிமிடம் தாண்டிய பிறகே விழுந்தன. சென்னை ஒன்று அடிக்க, ஹைதராபாத் சமன் செய்ய, கடைசி மூச்சில் லிதுவேனியா வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் அடித்த கோலில் 2-1.

அடுத்து ஒடிசாவுடன் 2-2 டிரா. அதோடு கிரெகரி விடைபெற்றார். ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி, நான்கு கோல். டிசம்பர் தொடக்கத்தில், இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் அணிகளுக்குப் பயிற்சியளித்த ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல் வந்தார்.

கோய்ல் வந்ததும் எல்லாம் மாறியதா?

இங்கேதான் பலரின் நினைவு கொஞ்சம் ஏமாற்றுகிறது. கோய்லின் முதல் நான்கு ஆட்டங்கள் இவை: ஜாம்ஷெட்பூருடன் 1-1, கேரளாவை 3-1 என வென்றது, கோவாவிடம் 3-4 தோல்வி, பிறகு அந்த ஒடிசா தோல்வி. மொத்தம் நான்கு புள்ளிகள். சராசரியாகப் பார்த்தால் கிரெகரியின் கணக்கைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

புது கோச் வந்த உடனே வீரர்கள் துள்ளி எழுந்து ஜெயிப்பது கால்பந்தில் அடிக்கடி பேசப்படும் விஷயம். சென்னை விஷயத்தில் அது நடக்கவே இல்லை. கோய்ல் வந்து ஒரு மாதம் கழித்துதான் திருப்பம் வந்தது. ஜனவரி 10-ல் ஹைதராபாத்தை வென்றதில் தொடங்கி, கடைசி எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா. 24-க்கு 20 புள்ளிகள்.

எது மாறியது... அட்டாக்கா, டிஃபென்ஸா?

கிரெகரி இருந்த ஆறு ஆட்டங்களில் அடித்தது 4 கோல், வாங்கியது 10. கோய்லின் 12 லீக் ஆட்டங்களில் அடித்தது 28, வாங்கியது 16. வாங்கும் கோல்கள் ஓரளவு குறைந்தன. ஆனால் அடிக்கும் கோல்கள், ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த நிலையிலிருந்து இரண்டுக்கு மேல் எகிறின. கொச்சியில் கேரளாவை 6-3 என வென்ற ஆட்டமே இதற்குச் சாட்சி. மூன்று கோல் வாங்கியும் கவலைப்படாமல் ஆறு அடித்த டீம் அது.

கவனிக்க வேண்டியது, இது பெரும்பாலும் அதே வீரர்களின் டீம். பிரேசில் வீரர் ராஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆண்ட்ரே ஷெம்ப்ரி, வால்ஸ்கிஸ், லாலியன்சுவாலா சாங்டே, அனிருத் தாப்பா என எல்லோருமே கிரெகரி காலத்திலும் அணியில் இருந்தவர்கள்தான். கோய்ல் அவர்களை முன்னோக்கி ஆடவிட்டார். ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் கிரிவெல்லாரோ செம ஃபார்முக்கு வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு சீசனை முடித்து கோல்டன் பூட் வாங்கினார்.

ஆனால், அந்த 15-ல் முதல் கோல் வந்தது கிரெகரியின் கீழ்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பூட்டு ஏற்கெனவே கொஞ்சம் திறக்கத் தொடங்கியிருந்தது.

'எதிரணிகள் டம்மி' என்ற வாதம் சரியா?

பாதி சரி. தொடர்ந்து வென்ற நான்கு ஆட்டங்களும் ஹைதராபாத், நார்த் ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர், கேரளா அணிகளுக்கு எதிரானவை. பத்து அணிகள் ஆடிய லீக்கில் இந்த நான்குமே சீசன் முடிவில் ஏழாம் இடத்திலும் அதற்குக் கீழும் இருந்தவை. அட்டவணை கைகொடுத்தது உண்மை.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. பிப்ரவரி 16-ல் கொல்கத்தாவுக்கே போய் ஏடிகே-யை 3-1 என வென்றது சென்னை. ஏடிகே அந்த சீசனில் இரண்டாம் இடம் பிடித்த அணி. ஐந்து நாள் கழித்து மும்பையில் 1-0. பிளே-ஆஃப் இடத்துக்கு நேரடிப் போட்டியாக இருந்த மும்பையை, கேப்டன் லூசியன் கோயன் கடைசி நேரத்தில் அடித்த கோல் வெளியேற்றியது. சென்னை 29 புள்ளிகளோடு நான்காம் இடம், மும்பை 26-ல் ஐந்தாம் இடம். பிறகு அரையிறுதியில், லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை இரு ஆட்டங்களையும் சேர்த்து 6-5 என வீழ்த்தியது. டம்மி அணிகளை மட்டும் அடித்து இவ்வளவு தூரம் வர முடியாது.

ஆய்வு என்ன சொல்கிறது?

நெதர்லாந்து பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை அலசினார். தொடர்ந்து தோற்று கோச்சை மாற்றிய அணிகளையும், அதேபோலத் தோற்றும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டு வகை அணிகளுமே ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டு வந்தன.

இதைப் புரிந்துகொள்வது எளிது. எப்போதும் 70 மார்க் வாங்கும் மாணவர், காய்ச்சலோடு எழுதிய பரீட்சையில் 35 வாங்குகிறார். வீட்டில் டியூஷன் சாரை மாற்றுகிறார்கள். அடுத்த பரீட்சையில் 68. பெயர் புது சாருக்குப் போகும். ஆனால் பையன் எப்படியும் 70 பக்கம் வந்திருப்பான். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

இதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2015 சீசனின் நடுவில் கடைசி இடத்தில் தவித்த சென்னையின் எஃப்சி, கோச் மார்கோ மாட்டராசியை மாற்றவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்றது. வெள்ளத்தால் அரையிறுதியின் ஹோம் ஆட்டத்தை புனேவில் ஆட வேண்டி வந்தபோதும், அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது.

அப்படின்னா கோய்லுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. அதற்கு அடுத்தடுத்த சீசன்களைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 14-ல், கொரோனா அச்சத்தால் ஆளே இல்லாத ஃபத்தோர்டா மைதானத்தில் நடந்த ஃபைனலில் ஏடிகே-யிடம் 1-3 எனத் தோற்றது சென்னை. அவ்வளவு தூரம் டீமோடு வந்த ரசிகர்கள், கடைசி ஆட்டத்தை டிவியில்தான் பார்க்க முடிந்தது.

அதன் பிறகு கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனார்கள். ஷெம்ப்ரி, கோயனும் விலகினார்கள். கேப்டனான கிரிவெல்லாரோ காயத்தால் பாதி சீசனை இழந்தார். 2020-21-ல் சென்னை 20 ஆட்டங்களில் 17 கோல்தான் அடித்தது, எட்டாம் இடம். மறுபக்கம், 2021-22-ல் கோய்லின் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டையே வென்றது. ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இன்னொரு ஊரிலும் நடந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அதேநேரம், 2023-ல் சென்னைக்கே திரும்பிய கோய்ல், முதல் சீசனில் அணியை பிளே-ஆஃபுக்கு அழைத்துப் போனார். அதற்கடுத்த 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம்தான். அதே கோச், அதே ஊர், வேறு வீரர்கள்.

ரசிகர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

அடுத்த முறை உங்கள் டீம் சீசன் நடுவில் திடீரென ஜெயிக்கத் தொடங்கினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். திருப்பம் எந்தத் தேதியில் தொடங்கியது, கோச் வந்த அன்றா, அதற்குப் பிறகா? யாரை வென்றோம்? பெரிய அணியின் மைதானத்திலும் ஜெயித்தோமா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், நான்காவது கேள்வியை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்: 'இந்த டீமை அடுத்த சீசனுக்கும் சேர்த்து வைப்பீங்களா?' 2020-ல் சென்னை ரசிகர்கள் ஏமாந்தது ஃபைனலில் மட்டும் இல்லை. அந்த டீமை நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு சீசன் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.