இதயம் இளைப்பாறும் நேரம்

கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரையில் நின்றால் மேற்கே தெரிவது ஜவ்வாது மலை. அதே மலைத்தொடரில், காவலூரில், 1986 முதல் இயங்குகிறது 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. பூமி சுழல்வதால் வானில் நட்சத்திரம் நகர்கிறது. தொலைநோக்கியும் கூடவே திரும்பாவிட்டால் புள்ளி கோடாக இழுபடும்.

நெஞ்சுவலியோடு மலையடிவாரத்திலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போய், இதய சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பவருக்கும் இதே சிக்கல்தான். பார்க்க வேண்டிய ரத்தக்குழாயின் குறுக்களவு சில மில்லிமீட்டர். அது ஓயாமல் அசைகிறது. படத்தில் அதன் ஓரம் மங்கினால், இல்லாத அடைப்பு இருப்பதுபோலத் தெரியும். இருக்கிற அடைப்பு மறைந்தும் போகும்.

கணக்கு எங்கே இடறுகிறது?

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே பதிவுகளிலிருந்து உள்ளுறுப்பின் படத்தை விரைவாகக் கணக்கிடும் வழியை 1971-இல் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் வெளியிட்டார்கள். 'ராம்-லாக்' என்று அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. பதிவு முடியும்வரை பொருள் அசையாது என்று நம்பித்தான் இத்தகைய கணக்குகள் தொடங்குகின்றன. இதயம் அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படாது.

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்துக்கு, ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதன் பிற்பகுதியில் இதயம் சற்று இளைப்பாறுகிறது. இ.சி.ஜி. அந்தத் தருணத்தைக் காட்ட, கருவி அப்போது படமெடுக்கும். துடிப்பு 90 ஆனால் இந்த இடைவெளிதான் முதலில் சுருங்கும். 2005-இல் வந்த, இரண்டு எக்ஸ்ரே குழல்கள் கொண்ட சி.டி., கருவி சுழலும் கால் சுற்றிலேயே, அதாவது 83 மில்லிநொடியில், படத்துக்கு வேண்டியதைச் சேகரித்தது. ரத்தக்குழாயின் அசைவைக் கணித்துப் படத்தைச் சீராக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன.

கருவிக்கு முன்னால்

ஆனாலும், தெளிவான படம் கருவியில் ஏறுமுன்பே தொடங்குகிறது. படமெடுக்கும் அன்று காபி, டீ வேண்டாம். துடிப்பு மிகுந்தால் அதைக் குறைக்க மருத்துவர் பீட்டா பிளாக்கர் மருந்து தருவார். வீசிங் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்றால் எப்படிப் பிடிப்பதென்று ஒருமுறை பழக்கிவிட வேண்டும்.

விடியலில் முதல் பஸ் பிடித்து, இடம் தேடி அலைந்து, பயத்தோடு வந்து நிற்பவரின் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். அவருக்கு உட்கார ஒரு பெஞ்சு, அரைமணி நேரம், என்ன நடக்கப்போகிறதென்று தமிழில் நிதானமாக நாலு வார்த்தை. கோடிகள் கொடுத்துக் கருவி வாங்கும் மருத்துவமனைகள் இதையும் சிகிச்சையின் பகுதியாகவே கருத வேண்டும்.