அழித்த இடத்தில் நிரம்புவது

சிதம்பரம் நடராஜர் ஆலயத்தின் கிழக்குக் கோபுர வாயிலைக் கடந்து செல்கிறவர்களில், தரிசன அவசரத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து இருபுறச் சுவர்களையும் நிமிர்ந்து பார்ப்பவர்கள், பரத முனிவர் நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் வகுத்துரைத்த ஆடல் அசைவுகளாகிய 108 கரணங்களும் கல்லிலே வடிக்கப்பட்டு, அவற்றுக்குரிய சுலோகங்கள் கிரந்த லிபியில் உடன் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். இக்காலத்தில் அப்படிப் பார்க்கிறவர் கையில் கைபேசியும் இருக்கும். படம் எடுத்த பிறகு கவனித்தால், முன்னே சென்ற யாத்திரிகர் ஒருவரின் முழங்கை சிற்பத்தின் பாதியை மறைத்து நிற்கும். அந்த முழங்கையை விரலால் வட்டமிட்டால் போதும்; இரண்டு விநாடியில் அது மறைந்து, சிற்பம் முழுமையாகத் தோன்றும். அந்த முழுமை எங்கிருந்து வந்தது என்பதே நாம் நிதானமாக ஆராய வேண்டிய விஷயம்.

கைபேசியின் காமிரா முழங்கைக்குப் பின்னால் இருந்த கல்லை ஒருபோதும் பார்க்கவில்லை. நாம் வட்டமிட்டதும், நீக்கவேண்டிய உருவத்தின் எல்லையைக் கருவி வரையறுத்துக்கொள்கிறது. அந்த எல்லைக்குள் உள்ள புள்ளிகள் எல்லாம் கழித்துவிடப்பட, படத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. 2010இல் வெளிவந்த போட்டோஷாப் பதிப்பு போன்ற முந்திய சாதனங்கள், அதே படத்தின் பிற பகுதிகளிலிருந்து ஒத்த துணுக்குகளைத் தேடியெடுத்து அந்த வெற்றிடத்தில் ஒட்டின. மணலுக்கு மணலும் வானத்துக்கு வானமும் கிடைத்தன. ஆனால் முகத்துக்கோ கைக்கோ ஒட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, கோடிக்கணக்கான படங்களில் பயின்று, இன்ன சூழலில் இன்னது இருப்பதே வழக்கம் என்ற அநுமானத்தைக் கொண்டு, அதுவரை இல்லாத ஒன்றைப் புதிதாக எழுதி நிரப்பவும் வல்லவை. கூகுள் நிறுவனம் 2021இல் தன் பிக்ஸல் 6 கைபேசியில் மேஜிக் எரேசர் என்ற பெயரில் அளித்த நீக்கும் வசதியும், அதைப் போன்ற பிறவும், 2024 மே மாதத்திலிருந்து கூகுள் போட்டோஸ் செயலியின் வழியே ஏனையோருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கின.

படத்தைத் திருத்துவது புதிய பழக்கமன்று. 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தபோது, அக்கால ரசாயனப் பூச்சுகளில் வானம் வெறுமையாகவே பதிந்தமையால், நெகட்டிவின் மேல் மேகங்களைத் தாமே தீட்டினார். கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் ஸ்டுடியோ வைத்துத் தொழில் செய்த தலைமுறையினர் ‘டச்சிங்’ என்று சொன்னதும் இத்தகைய கைவேலையே. கீழிருந்து வெளிச்சம் வரும் சாய்வான கண்ணாடியின்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால், அம்மைத் தழும்பு விழுந்த இடங்களில் புள்ளி புள்ளியாகத் தொட்டு வருவார்கள். நெகட்டிவில் கருமை கூடிய இடம் பிரதியில் வெளுக்கும் ஆகையால், தழும்பு மறைந்து முகம் தெளியும். பின்னால் நிற்பவரை நீக்கவேண்டுமென்றால் அந்தப் பகுதி முழுவதிலும் மை பூசுவார்கள். பிரதியில் அது வெள்ளையாக விழும். அந்த வெண்மையைக் கண்டவர் எவரும் அங்கே ஏதோ நீக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வார். இன்றைய கருவி அந்த அடையாளத்தை விட்டுவைப்பதில்லை.

தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் குழந்தையை நிறுத்தி எடுத்த படத்தில், பின்னால் நிற்கும் அந்நியரை நீக்கிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவருடைய நிழல் மணலில் தனித்துக் கிடந்தால் அதையும் சேர்த்து வட்டமிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஊரெங்கும் பரப்பாமல் நீக்குவது மரியாதையுமாகும்.

கரணச் சிற்பத்தின் நிலை வேறு. முதற்கரணமாகிய தலபுஷ்பபுடத்தில் இரு கைகளும் மலரேந்தும் பாவனையில் குவிந்து உடலின் இடப்புறம் அமையவேண்டும். இடை சாய்ந்திருக்க வேண்டும். பாதம் குதிகால் உயர்ந்து முன்பகுதியில் ஊன்றியிருக்க வேண்டும். முழங்கை மறைத்தது அந்தக் கைகளையே என்றால், கருவி நிரப்புவது எதுவாக இருக்கும்? சிற்பங்களில் தான் அதிகமாகக் கண்ட கைகளை, ஒருவேளை மார்புக்கு நேரே கூப்பிய கைகளை, கல்லின் தேய்மானத்தோடும் எண்ணெய்ப் படிவோடும் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்கும். அந்தப் படத்தில் இருப்பது அப்போது தலபுஷ்பபுடம் அன்று. எந்தக் கரணமும் அன்று. பரோடாவிலிருந்து 1926இல் வெளிவந்த நாட்டிய சாஸ்திரப் பதிப்பும், 1936இல் சென்னையில் வெளியான ‘தாண்டவ லக்ஷணம்’ என்ற நூலும் இக்கோயிலின் கரணப் படங்களைத் தாங்கி வந்தவை. சிதம்பரத்தை நேரில் காணாத அறிஞர்கள் அந்தப் படங்களை நம்பிக் கரணங்களைக் கற்றார்கள். நாளை ஒரு மாணவி இணையத்தில் தேடும்போது அவளுக்குக் கிடைப்பது நம்முடைய படமாக இருக்கக்கூடும் என்பதை நினைத்தால், அந்த இரண்டு விநாடி வேலை அற்பமானதாக எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை உலகம் இத்தகைய நீக்கத்தைக் கடுமையாகவே நடத்துகிறது. சிரியப் போர்க்களத்தில் எடுத்த படமொன்றின் மூலையில் தெரிந்த சக நிருபரின் வீடியோ காமிராவை அழித்த நார்சிசோ கான்ட்ரெராஸ் என்ற புகைப்படக்காரரோடு, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2014 ஜனவரியில் உறவை முறித்துக்கொண்டது. போரைப் பற்றிய உண்மை அந்த மூலையில் இல்லை என்று வாதிக்கலாம். ஆனால் ஒரு மூலையைத் துணிந்து மாற்றியவரின் ஏனைய மூலைகளை எவ்வாறு நம்புவது?

2004ஆம் ஆண்டுச் சுனாமியையும், 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருங்கியது. சாய்ந்த பலாமரத்தையும் கூரை பறந்த வீட்டையும் காட்டும் படம் நிவாரணத்துக்கான சாட்சியம். குறுக்கே தொங்கும் மின்கம்பி பார்வைக்கு அழகாக இல்லையே என்று அதை நீக்கினால், முழுப் படத்தின் மேலும் சந்தேகம் விழ இடமுண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளோடு தாக்கல் செய்யும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிப்பிடச் சொல்கிறது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. கோயிலிலோ கல்வெட்டின் முன்போ சேதத்தின் முன்போ நிற்கும்போது, கூட்டம் விலகும்வரை காத்திருந்து இன்னொரு படம் எடுங்கள். அப்படியும் நீக்கியே தீரவேண்டுமானால், மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்தி, திருத்திய பிரதிக்கு வேறு பெயரிட்டு, பிறருக்கு அனுப்பும்போது இது திருத்திய படம் என்று ஒரு வரி எழுதியனுப்புங்கள்.