பல் ஆய்வுகூடத்துக்கு ஏற்ற இயந்திரம் எது?

பல் வைத்தியத்தைப் பொறுத்தவரை கண்டிக்குத் தனியிடம் உண்டு. 1954ஆம் ஆண்டு முதல் பேராதனையில் பல் வைத்தியக் கல்வி வழங்கப்பட்டு வருகின்றது. ஜப்பான் அரசின் உதவியுடன் அங்கு அமைந்த போதனா வைத்தியசாலையை நாடி மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பல் வைத்தியர் வாயில் பொருத்தும் உறையையும் பாலத்தையும் ஆக்கித் தருவது பல் ஆய்வுகூடமாகும்.

முன்னர் மெழுகில் வடித்து, உலோகத்தில் வார்த்து, அதன்மேல் பீங்கான் பூசி உறை செய்தனர். இன்று கணினியில் வரைந்த வடிவத்தை மில்லிங் இயந்திரம் வில்லையிலிருந்து செதுக்கி எடுக்கின்றது. 1985இல் சூரிச் நகரில் இம்முறையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் சிகிச்சையளிக்கப்பட்டது. இவ்வியந்திரத்தை வாங்க விரும்பும் ஆய்வுகூடத்தினர் விலையை மட்டும் பார்ப்பது தவறாகும்.

முதலில் தம்மிடம் வரும் வேலை எதுவென அறிய வேண்டும். பெரும்பாலானவை சிர்கோனியா உறைகளெனின் உலர்முறை இயந்திரமே போதும். சுண்ணக்கட்டி போன்று மென்மையான நிலையில், இறுதி அளவைவிட ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் பெரிதாகச் செதுக்கப்படும் சிர்கோனியா, சுமார் 1500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கி இறுகும். ஆகவே அதற்கான சூளையும் தூசு உறிஞ்சியும் இயந்திரத்துடன் சேர்ந்த செலவுகளேயாகும். நுண்தூசு தொழிலாளரின் நுரையீரலுக்குக் கேடு. முன்பற்களுக்கு உகந்த கண்ணாடிப் பீங்கானுக்கோ நீர் பாய்ச்சிச் செதுக்கும் இயந்திரம் வேண்டும்.

அடுத்தது அச்சுகளின் எண்ணிக்கை. சாதாரண உறைகளுக்கும் சிறிய பாலங்களுக்கும் நான்கு அச்சு இயந்திரம் பெரும்பாலும் போதுமானது. தாடை எலும்பில் பதிக்கும் பல்லுக்குரிய சாய்வான பாகங்களைச் செய்வோருக்கே ஐந்து அச்சு இன்றியமையாதது. வராத வேலைக்காகக் கடன்படுவது புத்திசாலித்தனமன்று.

மூன்றாவது, இயந்திரம் எவரது வில்லையையும் ஏற்குமா என்பதாகும். ஒரே நிறுவனத்தின் வில்லையை மட்டும் ஏற்பதெனின், ஆய்வுகூடத்தின் கழுத்து அந்நிறுவனத்தின் கையில் இருக்கும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்துவிடலாகாது.

மின்சாரமும் அத்தகையதே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. செதுக்கும் நடுவில் மின் தடைப்பட்டால் வில்லை வீணாகலாம். எனவே தடையில்லா மின்வழங்கிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கண்டியின் ஈரக்காற்று அழுக்கப்படும்போது நீராகத் திரண்டு சுழல்தண்டைப் பழுதாக்கக்கூடும். இதனால் காற்றை உலர்த்தும் கருவியும் அவசியமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதுபார்ப்பவர் எத்தனை நாளில் வருவார், உதிரிப்பாகம் உள்நாட்டில் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தமது சொந்த வேலை ஒன்றை அவ்வியந்திரத்திலேயே செதுக்கிப் பார்த்து, அதன் விளிம்பு அச்சுப்பல்லில் சரியாகப் பொருந்துகின்றதா எனப் பல் வைத்தியருடன் சேர்ந்து சோதிப்பதும் நன்று.

இயந்திரம் முடங்கினால் ஆய்வுகூடத்துக்கு மாத்திரமே நட்டமென எண்ணலாகாது. ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ்ஸேறி வரும் தோட்டத் தொழிலாளி, "அடுத்த கிழமை வாருங்கள்" என்ற பதிலுடன் திரும்ப நேரிடும். மலிவென வாங்கியதன் மீதி விலையைச் செலுத்துபவர் அவரேயாவார்.