ஒரு போத்தல் என்றால் எத்தனை?
போதை ஆய்வின் பின்னணிப் பணியாளர்கள்

மதுவைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் நம் சமுதாயத்தில் பேசாதவர் இல்லை. கோயில் திருவிழாவில் பேசுகிறோம். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேசுகிறோம். நாளிதழ்களுக்குக் கடிதமும் எழுதுகிறோம். அப்பேச்சுகளில் புள்ளிவிவரம் ஒன்று தவறாமல் இடம்பெறும். “ஆய்வு ஒன்று கூறுகிறது” என்று சொன்னதும் அவை அமைதியாகிவிடும். ஆனால், அந்த எண் எப்படிப் பிறந்தது? யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள், யார் சோதித்தார்கள்? இதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் பேராசிரியர்களின் பெயர்கள் இருக்கும். அவர்களோடு உழைத்த பலர் கடைசிப் பக்க நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுவர். அந்த ஒரு வரிக்குள் இருப்பவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் கேமரன் மலையின் கம்போங் ராஜாவைச் சேர்ந்தவன். பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் மொழியியல் என்று என் கல்விப் பயணம் அமைந்தது. மருத்துவ மாணவன் அல்லாத எனக்குப் போதை ஆய்வில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். கட்டுரையைப் படித்து முடிக்கும்போது அதற்கான விடை கிடைக்கும் என நம்புகிறேன்.

பினாங்கில் ஒரு மையம்

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக விளங்குவது பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையமாகும். இதனை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் வி. நவரத்தினம். 1970களிலேயே அவரும் ஸ்பென்சர் என்பவரும் இணைந்து பினாங்கு, சிலாங்கூர் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே போதைப்பொருள் பழக்கத்தை ஆராய்ந்தனர். பின்னாளில் இம்மையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் விக்னசிங்கம் பாலசிங்கம் கெத்தும் இலை பற்றிய ஆய்வுகளால் உலக அளவில் அறியப்பட்டவர்.

கெத்தும் என்பது வடமாநிலக் கிராமங்களில் வளரும் ஒரு மரம். அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு. அதிலுள்ள மித்ராஜைனின் என்னும் பொருள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மக்கள் ஏன் அதைக் குடிக்கிறார்கள்? விக்னசிங்கம், சுரேஷ் நாராயணன் உள்ளிட்டோர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு 136 பயனர்களைச் சந்தித்து இக்கேள்வியை எழுப்பியது. வேறு போதைப்பொருளை விட முயன்றபோது ஏற்படும் உடல் வேதனையைத் தணித்துக்கொள்ளவும் சிலர் கெத்துமை நாடினர் என்பது அதில் தெரியவந்தது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி வாழும் 136 பேர் முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி வாய் திறப்பார்கள்?

கேள்வி கேட்பவர்

கள ஆய்வாளர் என்பவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் மட்டுமல்லர். 1952ஆம் ஆண்டு ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, போதைப்பொருளைத் தானே உட்கொள்வதையும் குற்றமாகக் கருதுகிறது. எனவே, “ஆமாம், எடுக்கிறேன்” என்று ஒருவர் சொல்வது தன்னையே காட்டிக்கொடுப்பதற்குச் சமம். அதனால் படிவத்தில் பெயர் இராது. குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் இருந்தால் அது தனியே பூட்டி வைக்கப்படும். தன் உரிமைகள் என்ன, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் விலகலாம் என்பன பங்கேற்பவருக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கப்பட வேண்டும். இவற்றை எல்லாம் ஆய்வு தொடங்கும் முன்னரே நெறிமுறைக் குழு ஒன்று வரிக்கு வரி சரிபார்க்கும்.

சொல்லும் முக்கியம். நம் நாளிதழ்களில் ‘போதைப் பித்தர்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. அச்சொல்லோடு ஒருவர் வாசலில் போய் நின்றால் கதவு திறக்காது. நல்ல கள ஆய்வாளர் “அண்ணே, உட்காரலாமா?” என்றுதான் தொடங்குவார்.

ஒரு போத்தல்

மது பற்றிய ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படுவது ‘ஆடிட்’ எனப்படும் வினாநிரல். உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் நார்வே, ஆஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டு உருவானது அது. பத்தே கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். எட்டும் அதற்கு மேலும் பெறுபவரின் குடிப்பழக்கம் கவனிக்கத்தக்க நிலையில் உள்ளது என்று கொள்வர். நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்விலும் இதன் மலாய் வடிவம் பயன்படுத்தப்படுகிறது.

இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘பானம்’ அருந்துகிறீர்கள் என்பதாகும். ஒரு பானம் என்பது ஓர் அளவுகோல். அதில் சுமார் 10 கிராம் தூய மது இருக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு பானம் என்றால் புள்ளி சுழியம். ஐந்து அல்லது ஆறு என்றால் இரண்டு புள்ளி. பத்து அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு புள்ளி.

நான் முதலாம் படிவம் படித்துக்கொண்டிருந்த போது எங்கள் லயத்துக்கு இப்படிக் கேள்வி கேட்க ஒருவர் வந்தார். எந்த அமைப்பிலிருந்து வந்தார் என்பது இங்கே முக்கியமன்று. மலாய் மொழியில் கேட்டார். என் பெரியப்பா திண்ணையில் அமர்ந்து பதில் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டதற்கு, “சத்து” என்று ஒரு விரலைக் காட்டினார். வந்தவரும் ஒன்று என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் குடித்தது ஒன்றுதான். ஒரு குட்டிப் போத்தல் சம்சு.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 மில்லிலிட்டர் போத்தலில் 40 விழுக்காடு மது இருப்பதாகக் கொண்டால், அதில் தூய மது 60 மில்லிலிட்டர். எடையில் ஏறத்தாழ 47 கிராம். அதாவது, கிட்டத்தட்ட ஐந்து பானங்கள். படிவத்தில் பெரியப்பா அளவோடு குடிப்பவர். உண்மையில் நாள்தோறும் ஐந்து பானம் குடித்தவர். இரண்டாண்டுகள் கழித்து அவர் கல்லீரல் நோயால் இறந்தார். அந்தப் படிவம் சரியாக நிரப்பப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அவரைப் போன்ற நூறு பேரின் விரல்கள் நூறு தோட்டங்களில் ‘ஒன்று’ என்று பதிவாகியிருந்தால், நம் மக்களின் குடிப்பழக்கம் பற்றிய எண் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கும்?

இதற்காகவே தேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளூர்ப் போத்தல், குவளை ஆகியவற்றின் படங்களைக் கையோடு கொண்டுபோகிறார்கள். “எது? இந்த அளவா, அந்த அளவா?” என்று காட்டிக் கேட்கிறார்கள். அந்தப் படங்களைத் தயாரிப்பவர் கடை கடையாகச் சென்று போத்தல்களின் அளவையும் மது விழுக்காட்டையும் குறித்து வருபவர். அவர் பெயரையும் நாம் அறிய மாட்டோம். காலம் மாறினால் படமும் மாற வேண்டும். 2017 டிசம்பர் 1 முதல் நம் நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18லிருந்து 21ஆக உயர்ந்தது. மலிவு மதுவைச் சிறு போத்தல்களில் விற்பதற்கும் 700 மில்லிலிட்டர் என்ற குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. ஒரு பெரிய போத்தலை நால்வர் பகிர்ந்துகொண்டால் ‘ஒன்று’ என்பதன் பொருள் மீண்டும் மாறிவிடுகிறது அல்லவா?

மொழிபெயர்ப்பவர்

என் துறைக்கு இங்குதான் வேலை. வினாநிரலை மொழிபெயர்ப்பது அகராதியைப் புரட்டும் வேலையன்று. முதலில் ஒருவர் தமிழில் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு தெரியும் இடங்களைக் குழு விவாதிக்கும். பிறகு சிலரிடம் கேட்டு, “இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் புரிந்தது?” என்று விசாரிக்கும்.

எடுத்துக்காட்டாக, குடித்த பின் குற்ற உணர்வு ஏற்பட்டதுண்டா என்பது பற்றி ஒரு கேள்வி உண்டு. ‘குற்ற உணர்வு’ என்று லயத்தில் கேட்டால், “நான் என்ன குற்றம் செஞ்சேன்?” என்று சண்டைக்கு வருவார்கள். “ஏன்தான் குடிச்சோமோன்னு மனசு உறுத்துச்சா?” என்றால் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். வழக்கமான கடமையைச் செய்யத் தவறியதுண்டா என்ற கேள்வியும் அப்படித்தான். தோட்டத்தில் அதற்குப் பொருள், காலையில் பெரட்டுக்குப் போகாமல் படுத்துவிட்டீர்களா என்பதே. தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தத் தோட்டத்தின் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

சோதிப்பவர்

வாய்ச்சொல்லோடு ஆய்வு நின்றுவிடுவதில்லை. போதைப்பொருள் ஆய்வுகளில் சிறுநீர்ச் சோதனை இன்றியமையாதது. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பமானியை முதலில் பார்ப்பார் உதவியாளர். புதிதாகக் கழித்த சிறுநீர் என்றால் நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 பாகை வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு.

முதற்கட்டச் சோதனையில் மார்ஃபின் தென்பட்டால் உடனே ஹெராயின் என்று முடிவு கட்டக்கூடாது. கோடின் கலந்த இருமல் மருந்து குடித்தவரின் உடலிலும் மார்ஃபின் உருவாகும். எனவே, மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து அடையாளம் காணும் கருவியில் இரண்டாம் சோதனை நடக்கும். அதில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் காணப்பட்டால்தான் ஹெராயின் என உறுதியாகும். ஓர் ஆய்வுக்கூடப் பணியாளர் புட்டியின் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டால், இருமலுக்கு மருந்து குடித்தவர் ஹெராயின் எடுத்தவராகிவிடுவார். அவருடைய கவனமே ஒருவரின் மானத்தைக் காக்கிறது.

மறைப்பவரும் நிறுத்துபவரும்

மருந்துச் சோதனைகளில் விந்தையான ஒரு பணி உண்டு. உண்மையை மறைத்து வைப்பது! கெத்தும் வலியைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டுகிறதா என்று பினாங்கு மையத்தினரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். 26 ஆடவர்கள் பனிநீரில் கையை வைத்து, எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று அளக்கப்பட்டது. கெத்தும் குடிக்கும் முன் சராசரியாக 11.2 வினாடி, குடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் 24.9 வினாடி. இதனை நம்ப வேண்டுமானால், கெத்துமைப் போலவே தோற்றமும் சுவையும் கொண்ட போலி நீரும் தரப்பட வேண்டும். எது எது என்பது குடிப்பவருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. அந்தக் கசப்பைச் சரியாகத் தயாரித்துக் கொடுப்பவர் இல்லையேல் ஆய்வே இல்லை.

ஜொகூர், மூவாரில் நடந்த மற்றோர் ஆய்வு 2008இல் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள முயன்ற 126 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் புப்ரினார்ஃபின், மற்றொன்றுக்கு நால்ட்ரெக்சோன், இன்னொன்றுக்குப் போலி மாத்திரை. அனைவருக்கும் ஆலோசனை உண்டு. வாரம் மும்முறை சிறுநீர்ச் சோதனையும் உண்டு. ஆட்களைச் சேர்க்கத் தொடங்கி 22 மாதங்களில் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. ஏன்? இடைக்காலக் கணக்கில் புப்ரினார்ஃபின் தெளிவாக மேலோங்கி நின்றது. நல்ல மருந்து எதுவென்று தெரிந்த பின்னும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்பது அறமாகாது. இப்படிக் கணக்கை இடையில் திறந்து பார்த்து, “போதும்” என்று சொல்வதற்காகவே மருத்துவ ஆய்வுகளில் தனிக் குழுவினர் இருக்கிறார்கள்.

நம் பங்கு என்ன?

1947இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அப்போராட்டத்தின் தலைவர். குடியின் கேட்டை அவர்கள் கண்ணால் கண்டார்கள், எதிர்த்து நின்றார்கள். இன்றோ சிகிச்சை நிலையம் எங்கே அமைய வேண்டும், எந்தத் தோட்டத்துக்கு ஆலோசகர் வர வேண்டும் என்பன எண்களைக் காட்டித்தான் கேட்கப்பட வேண்டியவையாக உள்ளன. எண் தவறாக இருந்தால் நம் கோரிக்கையும் வலுவிழக்கும்.

மருந்தகவியல் படிக்கும் தோழி, வேதியியல் படிக்கும் தோழன், புள்ளியியல், உளவியல், மொழியியல் பயில்வோர் என நம்மில் ஒவ்வொருவருக்கும் இங்கு ஓர் இடம் இருக்கிறது. பேராசிரியராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறையில் கள ஆய்வுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தால் விண்ணப்பியுங்கள். தோட்டத்திலும் கம்பத்திலும் வளர்ந்தவர்கள் முதலில் விண்ணப்பியுங்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒரு விரலைக் காட்டும்போது, “எந்தப் போத்தல், பெரியப்பா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்க நம்மால் முடியும்.