ஏரி மீன்பிடிப்புக்குப் பரிசல்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகளில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, நீர் வற்றத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் பிடிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஏரியின் மீன் குத்தகையை ஆயக்கட்டு விவசாயிகளே நாலைந்து பேராகக் கூடி எடுப்பதும் உண்டு. குஞ்சுக்கும் வலைக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் இவர்கள், தண்ணீரில் இறங்கும் கலத்தைப் பற்றி மட்டும் கடைசி நாளில்தான் நினைக்கிறார்கள். லாரி டியூப், வாழைமரத் தெப்பம், தெர்மாகோல் பலகை எனக் கைக்குக் கிடைத்ததில் ஏறி வலை கட்டுகிறார்கள். டியூபை முள் குத்தினால் காற்று இறங்கிவிடும். தெர்மாகோல் விளிம்பிலிருந்து உதிர்ந்துகொண்டே வரும். அதன்மேல் பெட்ரோல் சிந்தினால் கரைந்தே போகும். நீச்சல் தெரியும் என்ற தைரியம், வலை காலில் சுற்றிக்கொண்டால் உதவாது.

உழவியல் சொல்லிக் கொடுப்பவனுக்குப் படகில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பரிசல் எத்தனை கிலோ தாங்கும் என்பது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்பதைப் போன்ற எளிய கணக்குதான். அந்தக் கணக்கைப் போடாமல் வாங்கப்படும் பரிசல்களே அதிகம் என்பதால் இதை எழுத நேர்ந்தது.

எந்த நீருக்கு எது?

பண்ணைக்குட்டைக்குப் படகே தேவையில்லை. கரையிலிருந்து இருவர் இழுவலை இழுத்தால் போதும். நாலைந்து மாதம் மட்டும் நீர் நிற்கும் சிறிய ஏரிக்கு, இருவர் உட்காரக்கூடிய 6 அல்லது 7 அடிப் பரிசல் போதுமானது. பரிசல் தட்டையான அடியும் வட்ட வடிவமும் உடையது. ஓரடி ஆழத்திலும் மிதக்கும். கரை சேற்றில் எந்தப் பக்கமாகவும் ஒதுங்கும். ஒருவரே தலைகீழாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம். காவிரியிலும் பவானியிலும் தலைமுறை தலைமுறையாக இது நிலைத்திருப்பதற்கு இவையே காரணங்கள். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும் மீனவர்கள் பரிசலிலிருந்தே வலை விடுகிறார்கள்.

ஆனால் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஒரு துடுப்பைத் தவறாகப் போட்டால் சுற்றும். எனவே பழகாதவர் துடுப்பைப் பக்கவாட்டில் போடாமல், போக வேண்டிய திசையை நோக்கி உட்கார்ந்து, முன்னால் நீரில் விட்டுத் தம்மை நோக்கி இழுக்கப் பழக வேண்டும். பலத்த காற்றை எதிர்த்துப் பரிசல் போவது கடினம். பல கிலோமீட்டர் அகலமுள்ள நீர்த்தேக்கத்தில் தினமும் நெடுந்தூரம் போய் வருபவருக்கு, அடி தட்டையாகவும் முன்முனை சற்று உயர்ந்தும் இருக்கும் 14 முதல் 16 அடி நீளப் படகு நல்லது. இயந்திரம் பொருத்த விரும்புவோர் அந்த வகையைத்தான் பார்க்க வேண்டும். பரிசலில் இயந்திரம் கட்டும் எண்ணமே வேண்டாம்.

மூங்கிலா, பைபரா?

முன்பு மூங்கில் கூடையின்மேல் தோலைப் போர்த்திப் பரிசல் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு அல்லது தார்ப்பாயைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். விலை குறைவு, உள்ளூரில் பழுது பார்க்கலாம். வாங்கும்போது மூங்கில் முற்றியதா என்று பாருங்கள். இளமூங்கில் காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும். பின்னலின் இடுக்குகளில் மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். அந்தப் பரிசல் வேண்டாம். புதிதாகச் செய்யச் சொல்பவர்கள், வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்திப் பயன்படுத்தச் சொல்லலாம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்து கரைந்து போவதால் வண்டு அதிகம் நாடாது.

பைபர் பரிசலுக்கு விலை கூடுதல். ஆனால் கறையானும் வண்டும் அண்டா. ஆண்டு முழுவதும் நீருள்ள இடத்துக்கும், நாள்தோறும் தொழில் செய்பவருக்கும் இதுவே ஆதாயம். இதில் ஏமாற இடமுண்டு. வழவழப்பான நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பரிசலை வெயிலில் நிறுத்தி, உட்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். நிறம் மிகவும் அடர்த்தியாக இல்லாவிட்டால் காற்றுக் குமிழிகளும் மெல்லிய இடங்களும் புலப்படும். ஒரு ரூபாய் நாணயத்தால் அங்கங்கே தட்டுங்கள். ஓசை கணீரென்று இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குகள் ஒட்டவில்லை. நார் வெளியே தெரிவதும், விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருப்பதும் கூடாது. அடிப்பகுதியின் நடுவிலும், அடி வளைந்து மேலேறும் இடத்திலும் கனம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏரிக்குள் வளர்ந்த கருவேல மரங்களின் வெட்டிய கட்டைகள் உரசுவது அங்கேதான்.

என் கருத்தைக் கேட்டால், சிறிய ஏரியைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து ஆண்டில் சில வாரங்களே மீன் பிடிப்பவர்களுக்கு நல்ல மூங்கில் பரிசலே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தில் மிதவைச் சட்டைகள் வாங்கலாம்.

எவ்வளவு தாங்கும்?

விற்பவரைக் கேட்டால் "ஆறு பேர் தாராளமாகப் போகலாம்" என்பார். அமெரிக்காவில் பாஸ் என்ற மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கென்றே தனிப் படகுகள் உண்டு. அங்கே 20 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை எடை ஏற்றலாம் என்று குறிக்கும் தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பது 1970களிலிருந்து சட்டம். நம் பரிசலில் அப்படிப்பட்ட தகடு இல்லை. கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே பரிசலின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால், ஒவ்வொரு 10 கிலோவுக்கும் அது 1 செ.மீ. அமிழும். அடிப்பரப்பைக் காண, அடியின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 0.785ஆல் பெருக்க வேண்டும். அடியின் குறுக்களவு 1.6 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். இந்தப் பரிசல் 20 கிலோவுக்கு 1 செ.மீ. அமிழும்.

இதன் உயரம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரிசலின் எடை 50 கிலோ, இருவர் 130, நனைந்த வலை 30, மீன் 60, பனிக்கட்டிப் பெட்டி 20. மொத்தம் 290 கிலோ. அமிழும் ஆழம் பதினாலரை செ.மீ. நீருக்கு மேல் சுமார் 35 செ.மீ. விளிம்பு இருக்கும். இது போதுமான அளவு. இன்னும் நால்வர் ஏறினால் 260 கிலோ கூடும். விளிம்பு 22 செ.மீ. ஆகிவிடும். பரிசல் அப்போதும் மிதக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பரிசல் கவிழ்வது மொத்த எடையால் மட்டும் அன்று. மேலே கண்ட இருவரில் ஒருவர் விளிம்போரம் போய்க் குனிந்தாலே அந்தப் பக்கம் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். கனத்த வலையை இழுக்க இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு நீரைத் தொட்டுவிடும். ஆகவே ஒருவர் வலையை இழுக்கும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நின்று இழுப்பது கூடாது. உள்ளே புகும் நீரையும் அற்பமாக எண்ணாதீர்கள். இந்தப் பரிசலின் அடியில் 5 செ.மீ. நீர் நின்றால் அது 100 கிலோ. அதுவும் ஒரே இடத்தில் நில்லாமல், பரிசல் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டும்.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பரிசலின் வெளிப்பக்கம், விளிம்பிலிருந்து 30 செ.மீ. கீழே சுற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். முழங்காலளவு நீரில் மிதக்கவிட்டு, மணல் நிரப்பி எடை போட்ட சாக்குகளை நடுவில் ஒவ்வொன்றாக வையுங்கள். பழைய யூரியாச் சாக்குகளே போதும். மூட்டை 50 கிலோ என்ற பழைய நினைவில் மட்டும் இருந்துவிட வேண்டாம், 2018 முதல் அது 45 கிலோ. கோடு நீரைத் தொடும்போது உள்ளே இருக்கும் எடைதான் உங்கள் பரிசலின் சுமை. அதையும் பெயிண்டால் உள்ளே எழுதி வையுங்கள். கூட்டாளிகள் ஐந்து பேராக இருந்தால் ஏறுவதற்கு முன் வாக்குவாதம் வராது.

நிரம்பினால் மிதக்குமா?

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. மூங்கில் நீரைவிட இலேசானது. எனவே மூங்கில் பரிசல் கவிழ்ந்து நீர் நிரம்பினாலும் பெரும்பாலும் மூழ்காது. பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும். பைபர் நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிரம்பிய பைபர் பரிசல் கல்லைப் போலக் கீழே போய்விடும். விலை கூடிய பரிசலில்தான் இந்த ஆபத்து கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு மருந்து எளியது. 60 கிலோ பைபர் பரிசல் மூழ்கினால் அது விலக்கும் நீர் 40 லிட்டர்தான். ஆகவே அதைத் தாங்க மேலும் 20 கிலோ மிதப்பு வேண்டும். பற்றிக்கொண்டு தலையை நீருக்கு மேல் வைத்திருக்க ஆளுக்கு 10 கிலோ, வலைக்கும் பெட்டிக்கும் 10 கிலோ சேர்த்தால் மொத்தம் 50 கிலோ. மூடி இறுகிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று சுமார் 19 கிலோ மிதப்புத் தரும். நான்கு கேன்களை நான்கு பக்கமும், உட்சுவரில் விளிம்புக்கு அருகில் இறுக்கிக் கட்டினால் போதும். அடியில் கட்டக் கூடாது. நிரம்பிய பரிசல் புரண்டுவிடும். மூங்கில் பரிசலுக்கும் எதிரெதிரே இரண்டு கேன்கள் கட்டுவது நல்லது. புதிதாகச் செய்பவரிடம் மூடிய காற்றறையோ நுரை அடைத்த அறையோ வைக்கச் சொல்லலாம். அந்த அறையில் தெர்மாகோல் அடைத்து மேலே ஈரப் பிசின் பூசினால், பிசினில் உள்ள திரவம் தெர்மாகோலைக் கரைத்து உள்ளே வெற்றிடமாக்கிவிடும். பாலியூரித்தேன் நுரையே ஏற்றது.

உடன் இருக்க வேண்டியவை

மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று, உடம்பில் இருக்க வேண்டும்; பரிசலின் மூலையில் அன்று. போட்டுக்கொண்ட பின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது. துடுப்பு இரண்டு, ஒன்று கைமாற்றுக்கு. ஆழம் குறைந்த இடத்துக்கு ஒரு கழி. நீர் இறைக்க, வாயகன்ற டப்பா ஒன்றைக் கயிற்றால் பரிசலோடு கட்டி வையுங்கள். கட்டாத டப்பா முதலில் மிதந்து போய்விடும். கயிறு 15 மீட்டர் வேண்டும். வாங்குமுன் ஒரு துண்டை வாளி நீரில் போட்டுப் பாருங்கள். நைலான் கயிறு மூழ்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். தத்தளிப்பவருக்கு வீசுவதற்கு மிதக்கும் கயிறே உதவும்.

கைக்கெட்டும் இடத்தில் உறையிட்ட கத்தி ஒன்று இருக்கட்டும். காலிலோ சட்டைப் பொத்தானிலோ வலை மாட்டினால் இழுத்துப் போராடாமல் அறுத்துவிட வேண்டும். வலையின் விலையைப் பார்க்கும் நேரம் அதுவல்ல. வலையை அடியில் பரப்பாமல் ஒரு தொட்டியில் மடித்து வையுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுப் பரிசலில் ஏறக் கூடாது. விழுந்தால் நீர் நிரம்பி நீந்த விடாது. விசில் ஒன்று கழுத்திலும், அலைபேசி பாலிதீன் பையிலும் இருப்பது நல்லது. வெயில் காலத்தில் மீனுக்குச் சம எடை பனிக்கட்டி வேண்டும். அது பரிசலில் ஏற்றும் சுமையாதலால் பெரும்பகுதியைக் கரையிலேயே வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை மீனைக் கரை சேர்க்கலாம்.

கலிங்கில் நீர் வழியும் நாட்களில் பரிசலை இறக்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நீர், கலிங்கை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். பரிசலை அங்கே துடுப்பால் நிறுத்த முடியாது. மதகு திறந்திருக்கும்போதும் அந்தப் பக்கம் வலை கட்ட வேண்டாம். ஆடிக் காற்றிலும், மாலையில் இடி இறங்கும் சித்திரையிலும் விடியற்காலையே வேலைக்கு ஏற்றது.

பராமரிப்பு

ஆண்டில் பாதி நாள் பரிசல் சும்மா இருக்கும். அது கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். தரையில் இழுத்துச் செல்லாமல் தூக்கிச் செல்லுங்கள். உலர்த்தி, நிழலில், கற்களின்மேல் கவிழ்த்து வையுங்கள். வெறுந்தரையில் வைத்த மூங்கில் பரிசலைக் கறையான் ஒரே கோடையில் முடித்துவிடும். வெயிலில் கிடந்தால் தார் இளகி வழியும். பைபரும் வெளுத்து நார் தெரியத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஏரி நிரம்புமுன், மூங்கில் பரிசலுக்குப் புதுத் தார் பூச வேண்டும். பைபரில் கீறல் விழுந்தால், அந்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து உலர்த்தி, கீறலைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக நார்ப்பாய் வெட்டி, கெட்டியாக்கும் திரவம் கலந்த பிசினில் ஒட்டலாம். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, அதைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். ஒட்டிய பரிசலை மறுநாளே ஏரியில் இறக்காமல், முதலில் கரையோரம் ஒரு மணி நேரம் மணல் மூட்டைகளோடு மிதக்கவிட்டு, உள்ளே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மீன்வளத் துறையின் திட்டங்களில் பரிசலுக்கும் வலைக்கும் மானியம் கிடைப்பதுண்டு. வாங்கிய பிறகு போய்க் கேட்டால் பயனில்லை. விலைப்பட்டியலோடு முன்னதாகவே அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகவும்.